போர்வை தைக்குமுன் துணியை நனைத்தல்

பழம்புடவைகளை இரண்டு மூன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் இட்டுப் போர்வையாக்கிக்கொள்வது நம் நாட்டின் பல பாகங்களிலும் உள்ள சிக்கன வழக்கமாகும். வங்காளத்தில் இதனைக் காந்தா என்பர். அடுக்குகள் யாவும் பலமுறை துவைத்தவையாகையால், இப்போர்வை சலவையில் உருக்குலைவதில்லை. ஆனால் மேற்புறம் அழகாயிருக்கவேண்டுமென்று புதுப் பருத்தித் துணியொன்றை வாங்கி, நனையாமலே பழம்புடவையுடன் சேர்த்துத் தைத்தால், பல நாளைய பிரயாசை முதற்சலவையிலேயே வீணாகக்கூடும்.

காரணம் யாதெனில், தறியில் பாவு நூல் கஞ்சியேற்றி இழுத்துக் கட்டப்பெற்ற நிலையில் துணி நெய்யப்படுகிறது. நீர் பட்டதும் கஞ்சி கரைகிறது. இழுபட்டிருந்த நூல் தளர்ந்து துணி சுருங்குகிறது. 100-க்கு 5 வீதம் சுருங்கினாலும், 90 அங்குலத் துணியில் 4½ அங்குலம் குறையும். பழம்புடவையோ முன்னரே சுருங்கியது. ஆகையால் ஒன்று மற்றொன்றை இழுக்க, போர்வை கோணி, தையலும் அறும்.

ஐயமிருப்பின் பரீட்சை எளிது. துணியின் ஓரத்தில் 10 அங்குலச் சதுரமொன்றைக் கோடிட்டு, நனைத்து உலர்த்தி, மறுபடி அளந்து பார்க்கவேண்டும். சாயத்தை அறிய, ஈரத் துண்டை வெள்ளைத் துணியின்மேல் அழுத்தி வைத்தாற் போதும். கறை பட்டால், நீர் தெளியும்வரை அத்துணியைத் தனியே அலசவேண்டும். அலசியும் தெளியாத துணியைப் போர்வைக்கு உபயோகிக்கலாகாது. உப்பு நீரில் முக்கினால் எச்சாயமும் நிலைத்துவிடும் என்பது நம்பத்தக்கதன்று.

புதுத் துணி விறைப்பாயிருப்பதால் வெட்டவும் தைக்கவும் எளிது என்று சிலர் கூறுவர். அது மெய்யே. எனினும், துவைத்த துணிக்குச் சோற்றுக் கஞ்சியை நீர்த்து இட்டு இஸ்திரி போட்டால் அவ்விறைப்பு மீண்டும் வரும். அடுக்குகள் யாவும் ஒரே புதுத் துணியாயும் சாயம் போகாததாயும் இருந்தால், நனையாமல் தைப்பதிலும் பெருந்தீங்கில்லை. எல்லாம் ஒருசேரச் சுருங்கும். அப்போது போர்வையைச் சற்றுப் பெரிதாக வெட்டிக்கொள்ளவேண்டும்.

நனைப்பதாயின் வெட்டுமுன் நனைக்கவேண்டும். வெட்டிய துண்டுகளை அலசினால் ஓரம் பிரியும். நிழலில் உலர்த்துவது நன்று. புதியதும் பழையதும் சேருமிடத்தில், ஒரு பகல் பொறுத்து நனைத்துத் தைத்த போர்வை பல வருஷம் உழைக்கும்.