வீட்டில் தெள்ளுப்பூச்சி: ஒழிப்பதும் வராமல் காப்பதும்

நோயாளியுடன் சில வாரங்கள் மருத்துவமனையில் தங்கிவிட்டு வீடு திரும்புவோர் சிலர், பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே நடந்த சிறிது நேரத்திலேயே கணுக்காலில் சுருக்கென்று கடிபடுவதுண்டு. ஆளில்லாத வீட்டில் பூச்சி எப்படி வந்தது என்று அவர்கள் வியக்கக்கூடும். தெள்ளுப்பூச்சியின் வாழ்க்கை முறையை அறிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும். அதை ஒழிக்கும் வழியும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது?

தெள்ளு, உண்ணி, பேன், மூட்டைப்பூச்சி ஆகியவற்றை ஒன்றெனக் கருதுவோர் உண்டு. தெள்ளு கரும்பழுப்பு நிறமுடையது. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதற்குச் சிறகுகள் இல்லை. ஆனால் துள்ளிப் பாயும். உண்ணியும் மூட்டைப்பூச்சியும் பாய்வதில்லை. தெள்ளின் கடி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, நடுவில் சிவந்த புள்ளியுடன் கூடிய சிறு தடிப்புகளாகக் காணப்படும்.

ஐயத்தைத் தீர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. நாய் அல்லது பூனையின் உரோமத்தை நெருக்கமான பற்களுடைய சீப்பினால் வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். அவற்றைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை படர்ந்தால் அது தெள்ளின் கழிவு. அந்தக் கறை, பூச்சி குடித்துக் கழித்த இரத்தமே.

நான்கு பருவங்கள்

தெள்ளுக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சி என நான்கு பருவங்கள் உள்ளன. முட்டைகள் விலங்கின் உடலில் ஒட்டி நிற்பதில்லை. அது படுக்கும் இடத்திலும் நடமாடும் இடத்திலும் உதிர்ந்துவிடும். வெளிவரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை வெடிப்பு, பாய், மிதியடி, கட்டிலின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஒளிந்து வாழும். பின்னர் பட்டுப் போன்ற கூட்டைப் பின்னி அதனுள் அடங்கும்.

அந்தக் கூட்டினுள் முதிர்ந்த பூச்சி வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட, காத்திருக்க வல்லது. காலடி அதிர்வு, உடல் வெப்பம், மூச்சுக்காற்று ஆகியவற்றை உணர்ந்ததும் வெளிவந்து பாயும். பூட்டிய வீட்டைத் திறந்ததும் கடி ஏற்படுவதன் காரணம் இதுவே. நாம் கண்ணால் காணும் பூச்சிகள் மொத்தத்தில் சிறு பங்கே என்பதையும், கூட்டுப்புழுவைப் பூச்சிமருந்து எளிதில் அழிப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

அரிப்பு மட்டுமா?

பெரும்பாலான கடிகள் அரிப்போடு முடிந்துவிடும். எனினும் எலியின் உடலில் வாழும் தெள்ளு கடுமையான நோய்களையும் பரப்பக்கூடும். கொள்ளைநோயான பிளேக் எலித்தெள்ளு வழியாகப் பரவுவதை 1898ஆம் ஆண்டு கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் ஆய்வு செய்து காட்டினார்.

மியூரின் டைபஸ் என்னும் காய்ச்சலும் எலித்தெள்ளினால் வருவதே. இதன் கிருமி பெரும்பாலும் பூச்சியின் கழிவில் உள்ளது. கடித்த இடத்தைச் சொறியும்போது தோலின் கீறல் வழியே உடலுக்குள் செல்கிறது. ஆகவே சொறியாதிருப்பதும் நோய்த்தடுப்பே. கடிபட்ட இடத்தைச் சோப்பினால் கழுவிக் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். குழந்தைகளின் நகங்களை வெட்டிவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் ஏற்படும் சிறு கீறலும் புண்ணாகக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

கடிபட்ட இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடலில் தடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுகுங்கள். வீட்டில் எலியோ தெள்ளோ இருப்பதைக் கேட்கும் முன்பே தெரிவியுங்கள். அந்த ஒரு செய்தி நோயை விரைவில் கண்டறிய உதவும். உரிய காலத்தில் தொடங்கும் மருந்தினால் இக்காய்ச்சல் குணமாகும்.

ஒழிக்கும் முறை

1. வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே நாளில், கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை இடுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு உயிராபத்தை விளைவிக்கும்.

2. அதே நாளில் படுக்கை விரிப்பு, போர்வை, விலங்கின் படுக்கைத் துணி ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

3. தரையை நாள்தோறும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி ஈரத்துணியால் துடையுங்கள். தூசு உறிஞ்சும் கருவி இருப்பின் மிகவும் நன்று. சேர்ந்த குப்பையைப் பையில் இறுகக் கட்டி உடனே அகற்றுங்கள். தரை வெடிப்புகளைச் சிமெண்டினால் அடைத்துவிடுங்கள்.

4. பூச்சிமருந்து தெளிக்க நேர்ந்தால் பயிற்சி பெற்றவரைக் கொண்டு செய்யுங்கள். மருந்து உலரும்வரை நோயாளி, கருவுற்ற பெண், குழந்தை, ஆஸ்துமா உள்ளவர் ஆகியோர் வீட்டினுள் இருத்தலாகாது.

5. எலிகள் இருப்பின் முதலில் தெள்ளை ஒழித்து, அதன்பின் எலியைப் பிடியுங்கள். எலி இறந்தால் அதன் உடலிலுள்ள தெள்ளு மனிதரை நாடி வரும்.

முயற்சி தொடங்கியபின்னும் இரண்டு மூன்று வாரங்கள் சில பூச்சிகள் தென்படலாம். அவை பழைய கூடுகளிலிருந்து வெளிவருபவை. இதைத் தோல்வி என்று கருதி மருந்தின் அளவைக் கூட்ட வேண்டாம், துப்புரவைத் தொடருங்கள்.

செய்யக்கூடாதவை

தலையிலோ உடலிலோ மண்ணெண்ணெய் பூசாதீர்கள். பயிருக்கு அடிக்கும் மருந்தை வீட்டினுள் தெளிக்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை உடலுக்குள் சென்றால் கல்லீரலை அழித்துவிடும். அதை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். அந்துருண்டையைக் குழந்தையின் துணிகளுக்கிடையே வைப்பதும் தவறு; பிறவியிலேயே சில நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை உண்டாகலாம்.

வராமல் காக்க

விலங்கின் படுக்கையை வாரந்தோறும் துவையுங்கள். உணவுப் பொருள்களை மூடி வைத்து, எலி நுழையும் துளைகளை அடையுங்கள். பல நாள் பூட்டியிருந்த வீட்டுக்கு நோயாளியை அழைத்துவருமுன், நலமுடன் இருக்கும் ஒருவர் காலுறையும் நீண்ட கால்சட்டையும் அணிந்து முதல் நாளே சென்று, எல்லா அறைகளையும் பெருக்கித் துடைத்துவிடுவது நல்லது. அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வுக்கு வருபவருக்கு அந்த ஒரு நாள் உழைப்பு பேருதவியாக அமையும்.