சாரணியர் பாசறையும் நம் பெண்பிள்ளைகளும்

பாடசாலையிலிருந்து ஓர் அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வருகிறது. மூன்று நாள் சாரணியர் பாசறை. பெற்றோர் கையொப்பம் வேண்டும். "பொம்புளப் புள்ள வெளியில ராத்தங்குறதா?" என்கிறார் உம்மா. "படிப்புக் கெட்டுப் போகும்" என்கிறார் வாப்பா. கடிதம் கையொப்பமின்றியே புத்தகப் பைக்குள் திரும்புகிறது. நம் ஊர்களில் பல வீடுகளில் நடப்பது இதுதான். பெற்றோரின் தயக்கத்தைக் குறை கூற முடியாது. எனினும் பாசறை என்றால் என்ன என்பதை அறிந்த பின்னர் முடிவெடுப்பதே பொருத்தமானது.

1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதலாவது சாரணர் பாசறையை நடத்தினார். அதில் பங்குபற்றியோர் சுமார் 20 சிறுவர்கள். வசதி படைத்தோர் கற்கும் பாடசாலைகளின் மாணவரும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒன்றாகவே கூடாரங்களில் தங்கினர். 1909இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடைபெற்ற சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் தாமாகவே வந்து, தமக்கும் இடம் வேண்டும் என்றனர். அதன் விளைவாக 1910இல் பெண் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. ஆகவே இது பெண்பிள்ளைகள் தாமே கேட்டுப் பெற்ற வாய்ப்பாகும்.

இலங்கையில் இவ்வியக்கம் வேரூன்றியது நமது மத்திய மலைநாட்டில்தான். 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் சாரணர் இயக்கமும், 1917இல் கண்டி மகளிர் உயர் பாடசாலையில் பெண் சாரணியர் இயக்கமும் தொடங்கின. கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் சென்றடையும் கண்டி நகரில் ஆரம்பமான ஒன்று, நம் பிள்ளைகளுக்கு மட்டும் தூரமாக இருப்பது ஏன்?

பாசறையின் முதற் பயன் பொறுப்புணர்வு. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணிக்கு ஒரு தலைவி இருப்பார். சமையல், விறகு, தண்ணீர், துப்புரவு என வேலைகள் பகிரப்படும். சோறு அடிப்பிடித்தால் அணி முழுவதும் அதைத்தான் உண்ண வேண்டும். மறுநாள் அடுப்பை யாரும் கவனியாது விடமாட்டார்கள். மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். அகழ் யுத்தத்தின்போது தோழர்களுடன் சேர்ந்து தாமும் மண் சுமந்தார்கள். தலைமை என்பது ஏவுவதன்று, முன்னின்று செய்வதே என்ற அந்தப் பாடம் இங்கே நடைமுறையில் கிடைக்கிறது.

இரண்டாவது, கைத்தேர்ச்சி. முக்கோணத் துணியால் கட்டுப் போடுதல், தேவைக்கேற்ற முடிச்சுகள், நீர் தேங்காத இடம் பார்த்துக் கூடாரம் அமைத்தல், அடுப்பை முற்றாக அணைத்தல் ஆகியவற்றைப் பாடநூலில் படிப்பது வேறு. கொட்டும் மழையில் செய்து பார்ப்பது வேறு. மண்சரிவும் மகாவலியின் வெள்ளமும் நமக்குப் புதியவையல்ல. அவ்வேளையில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையா, தம்பியின் கையைப் பிடித்து, வாப்பும்மாவையும் மேட்டுக்கு அழைத்துச் செல்லும் பிள்ளையா நம் வீட்டுக்கு வேண்டும்?

மூன்றாவது, பிற சமூகத்தாருடனான உறவு. பல பாடசாலைகள் கூடும் பாசறையில் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவியர் ஒன்றாக வேலை செய்கின்றனர். சிங்களத்தைப் பரீட்சைக்காக மட்டும் படித்த பிள்ளை, அங்கே தோழியிடம் உப்புக் கேட்பதற்காகப் பேசத் தொடங்குகிறாள். நம் உடையையும் தொழுகையையும் அருகிலிருந்து காணும் பிற சமூக மாணவியரின் சந்தேகங்களும் நீங்குகின்றன.

மார்க்கம் தவறிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. தனது மதத்துக்குரிய கடமையைப் பேணுவதும் சாரணியர் உறுதிமொழியில் அடங்கும். அதிகாலையில் எழுந்து, நேரம் தவறாது இயங்கும் பாசறை ஒழுங்கு சுபஹுத் தொழுகைக்கு உதவியே தவிர இடையூறன்று.

ஆயினும் பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிட வேண்டியதில்லை. பொறுப்பாசிரியைகள் எத்தனை பேர்? இரவில் தங்குமிடம், மலசலகூடம், பாதுகாப்பு எவ்வாறு? ஹலால் உணவுக்கும் தொழுகைக்கும் ஏற்பாடு என்ன? சுகவீனமுற்றால் அருகில் வைத்தியசாலை உண்டா? இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். திருப்தியான பதில் கிடைக்காவிடின் மறுப்பது உங்கள் உரிமை. கிடைத்த பின்னரும் "பொம்புளப் புள்ளதானே" என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகும்.

அன்புச் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாசறையிலிருந்து திரும்பிய மறுநாள் உம்மா சொல்லாமலே உங்கள் கோப்பையை நீங்களே கழுவி வையுங்கள். பாயைச் சுருட்டி வையுங்கள். அடுத்த அனுமதிக் கடிதத்தில் கையொப்பம் விழுவதற்கு இந்தக் கட்டுரையைவிட அதுவே உதவும்.