பார்த்தீனியம்: அறிதலும் ஒழித்தலும்

உழவர்க்குப் பகை பல. மழையின்மை, புழு, பூச்சி, விலை வீழ்ச்சி ஆகியவற்றை நாம் எளிதில் உணர்ந்துகொள்கிறோம். ஆனால், ஓசையின்றி வரப்பில் முளைத்து, வயலுக்குள் நுழைந்து, சில ஆண்டுகளில் நிலத்தையே கைக்கொள்ளும் பகையைக் காலங் கடந்தே காண்கிறோம். அத்தகைய பகைகளுள் முன்நிற்பது பார்த்தீனியம் என்னும் களை. அதனை அறியும் முறையையும் அடக்கும் வழியையும் இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

வந்த வரலாறு

இச்செடியின் தாயகம் மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த வெப்பப் பகுதி. நம் நாட்டில் இது பரவுவதை 1955 ஆம் ஆண்டில் பூனா நகரத்தில் கண்டனர். இறக்குமதியான கோதுமையோடு விதை கலந்து வந்தது என்பது பலரின் கருத்து. அதன்பின் சில பத்தாண்டுகளில் அது பாரத நாடெங்கும் பரவிவிட்டது. காங்கிரஸ் புல் என்றும் காரட் புல் என்றும் இதனை மக்கள் அழைப்பதுண்டு. பெயரில் புல் எனினும் இது புல்லினம் அன்று. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சார்ந்த செடியாகும்.

அடையாளம் காண்பது எப்படி?

இளம் பருவத்தில் இலைகள் தரையை ஒட்டி வட்டமாய் விரிந்து கிடக்கும். அவை காரட் இலையைப் போல ஆழப் பிளவுபட்டு, மென்மையான மயிர் படர்ந்திருக்கும். பின்னர் நடுவிலிருந்து தண்டு எழும். தண்டில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளங்கள் காணப்படும். செடி இடுப்பளவும், நல்ல ஈரமுள்ள இடத்தில் ஆளுயரமும் வளரும். நுனியில் பல கிளைகள் பிரிந்து, சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாய் மலரும். ஒவ்வொரு பூந்தலையும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அதன் விளிம்பில் ஐந்து மூலைகள் தெரியும்.

துலுக்கச் சாமந்தி, மாசிபத்திரி ஆகியவற்றின் இளஞ்செடிகளோடு இதனை மயங்குவோர் உளர். அவற்றின் இலையைக் கசக்கினால் அவற்றிற்கே உரிய மணம் எழும். ஆயினும், ஐயமுள்ள செடியை வெறுங்கையால் கசக்கிப் பார்த்தல் கூடாது. தண்டின் பள்ளங்களையும் ஐந்து மூலை வெண்பூவையும் கொண்டு துணிவதே நலம்.

விளையும் தீங்கு

முதலாவது, விளைச்சல் குறைவு. பயிருக்குரிய நீரையும் எருவையும் இது பங்கிட்டுக் கொள்வதோடு நில்லாது, வேரிலிருந்தும் மட்கும் இலையிலிருந்தும் சில நச்சுப்பொருள்களை மண்ணில் விடுகிறது. அவை பிற செடிகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கின்றன. மேய்ச்சல் நிலத்தில் நல்ல புல் அருகி இதுவே மிகுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, கால்நடைக்குக் கேடு. மாடுகள் பொதுவாக இதனைத் தின்பதில்லை. தீவனப் பஞ்ச காலத்தில் பிற புல்லோடு கலந்து தின்றால் பாலில் கசப்பு ஏறும். மிகுதியாகத் தின்றால் உடல்நலம் கெடும்.

மூன்றாவது, நம் உடலுக்கே தீங்கு. இதிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருள் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கவல்லது. மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் இளைப்பையும் தருகிறது. பல நாள் கையாண்ட பின்னரே நோய் தோன்றுவதும் உண்டு. ஒருமுறை தோன்றிவிட்டால் பிறகு சிறிது தீண்டினும் அது மீண்டும் வரும். கூலிக்குக் களை எடுக்கும் பெண்களே இத்துன்பத்திற்குப் பெரிதும் ஆளாகின்றனர்.

நெசவாள உறுப்பினர்கள் இதனை உழவர் சிக்கலென ஒதுக்குதல் ஆகாது. பாவு விரிக்கும் பாவடியும் அதனைச் சூழ்ந்த வெற்றிடமும் சில வாரம் வெறுமையாய்க் கிடந்தால், இச்செடி அங்கும் தலைதூக்கும். விடியற்காலையில் பாவு ஓடுவோரின் காலிலும் கையிலும் படுவது அச்செடியே.

பெருகும் கணக்கு

ஒரு செடி பல்லாயிரம் விதைகளைத் தரவல்லது. பத்தாயிரம் என்றே கொள்வோம். அவற்றில் நூற்றுக்கு ஒன்று மட்டும் வளர்ந்து பூப்பதாக வைத்துக்கொண்டாலும் நூறு செடிகள் ஆகும். அந்த நூறும் விதைத்தால் பத்து இலட்சம் விதைகள். முளைத்து ஒன்றரை மாதத்திற்குள் பூக்கத் தொடங்கும் செடியாதலால், ஈரம் உள்ள இடத்தில் ஓராண்டிலேயே பல தலைமுறை தோன்றும். முளையாத விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே, பூப்பதற்கு முன் அகற்றுவதே இப்பாடத்தின் உயிர்நிலை.

ஒழிக்கும் முறைகள்

மழை பெய்து இரண்டு மூன்று வாரம் ஆனதும், மண் ஈரமாக இருக்கும்போதே, செடிகளை வேரோடு பிடுங்குக. அரிவாளால் அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ரப்பர் உறையோ தடித்த பாலித்தீன் உறையோ கைக்கு இடுக. முழுக்கைச் சட்டை அணிக. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுக. முன்பே அரிப்பு கண்டவரை இப்பணியில் ஈடுபடுத்தற்க. மூன்று வாரம் கழித்து மறுமுறை பார்த்து, புதிதாய் முளைத்தவற்றையும் நீக்குக.

பூக்காத செடிகளைக் குழியில் இட்டுச் சாணக் கரைசலோடு மட்கவைத்து எருவாக்கலாம். பூத்த செடியை எருக்குழியில் ஒருபோதும் இடுதல் கூடாது. விதை எருவோடு வயலுக்கே திரும்பிவிடும். அதனைத் தனிக் குழியில் ஆழப் புதைத்தல் வேண்டும்.

பயிரிடாத சாலையோரத்திலும் தரிசிலும், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் நாளில் இலை நனையத் தெளிக்கலாம். விளைநிலத்தில் இது ஆகாது. உப்பு மண்ணைக் கெடுக்கும்.

களைக்கொல்லிகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2,4-டி என்னும் மருந்தின் சாரல் காற்றில் சிறிது பட்டாலும் பருத்தி இலை சுருங்கித் திரியும். ஆகவே பருத்தி வயலுக்கு அருகில் அதனைத் தெளித்தல் தகாது. கிளைபோசேட் மருந்தை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வழியாகவே பயன்படுத்த வேண்டுமென 2022 ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்தது. எம்மருந்தாயினும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்தே வாங்குக.

இயற்கையும் துணை செய்யும். 1984 ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டு வண்டு ஒன்று பெங்களூரில் விடப்பட்டது. வெளிர்மஞ்சள் முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் கொண்ட இவ்வண்டும் அதன் புழுவும் பார்த்தீனிய இலையைத் தின்று செடியை மொட்டையாக்குகின்றன. மழைக்காலத்தில் வேலைசெய்து, வறட்சியில் மண்ணுக்குள் உறங்கும். இதனைக் கண்டால் கொல்லற்க. வண்டு மிகுந்துள்ள இடத்தில் மருந்தும் தெளிக்கற்க. இது மட்டுமே களையை முற்றும் ஒழிக்காது. எனினும் நம் வேலையைக் குறைக்கும். களை நீக்கிய வெற்றிடத்தில் ஆவாரை, தகரை, கொழிஞ்சி ஆகியவற்றை விதைத்தால், அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு மீண்டும் இது வாராமல் தடுக்கும்.

கூடிச் செய்ய வேண்டியது

ஒருவர் தம் வயலைத் துப்புரவாக வைத்தும், பக்கத்துத் தரிசில் நூறு செடி பூத்து நின்றால் பயன் என்ன? வாய்க்கால் நீரும், வைக்கோல் வண்டியும், உழும் டிராக்டரின் சக்கரமும் விதையைச் சுமந்து வந்துவிடும். வரப்பு மனிதர்க்கு எல்லை. விதைக்கு எல்லை அன்று. சொந்த நிலத்தில் தனித்து உழைப்பவர் தோற்கும் இடத்தில், கூட்டுறவு ஒன்றே வெல்லவல்லது.

ஆகவே, பருவமழை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, உழவரும் நெசவாளரும் ஒருங்கே இறங்குதல் நன்று. வயலுக்கு அதன் உடையவர் பொறுப்பு. வாய்க்கால், பாதை, பாவடி, பள்ளிச் சுற்றுப்புறம் ஆகியவற்றிற்குச் சங்கமே பொறுப்பு. கையுறை வாங்கும் செலவைப் பொதுவில் ஏற்றுக்கொண்டால், கூலியாட்கள் வெறுங்கையோடு பிடுங்கும் கொடுமை நீங்கும். மூன்று வாரம் கழித்து இரண்டாம் நாளையும் அப்போதே குறித்துவைக்க வேண்டும். மண்ணில் பழைய விதை கிடப்பதால் ஓராண்டு உழைப்பு போதாது. தொடர்ந்து சில ஆண்டுகள், ஒரு செடியையும் பூக்கவிடாமல் காப்போமானால், விதைச் சேமிப்பு குறைந்து நிலம் மீண்டும் நம் கைக்கு வரும்.