கொடி சுழற்றப் பாலே எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் பேத்தி பள்ளியில் கலர் கார்டு குழுவில் சேர்ந்திருக்கிறாள். கொடி சுழற்றத்தானே போகிறாள், பாலே பயிற்சி எதற்கு? (வாசகி, திருச்சி)

பதில்: ராணுவக் கொடி அணிவகுப்பில் பிறந்த கலைதான், அம்மா. ஆனால் அந்த விறைப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. 1977-இல் தொடங்கப்பட்ட ‘விண்டர் கார்டு இன்டர்நேஷனல்’ அமைப்பின் போட்டிகளில் இன்று கொடி, மரத் துப்பாக்கி, வாள் ஆகியவற்றைக் கையாளும் திறனுக்கு ஒரு நடுவர், உடலசைவுக்கென்றே இன்னொருவர். இருவர் கையிலும் சமமாக 20 மதிப்பெண்.

துப்பாக்கியை மேலே எறிந்துவிட்டு அண்ணாந்து பார்த்து நின்றால் அது வெறும் வித்தை. அது காற்றில் சுழலும் ஓரிரு நொடியில் ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதில்தான் நடன அமைப்பாளரின் மூளை தெரியும். ஒரு சுற்றுச் சுற்றலாம், தாவலாம், தரையில் உருண்டு முட்டியிட்டபடியே பிடிக்கலாம். அந்த எறிதலின் விசைகூடக் கையிலிருந்து மட்டும் வருவதில்லை. முழங்கால் மடங்கி நிமிர்வதிலும் பிறக்கிறது. பாலேயின் ஆரம்பப் பாடமே அதுதான். உடம்பு சாய்ந்திருந்தால் துப்பாக்கியும் சாய்ந்தே பறக்கும், பிடிக்க ஓட வேண்டியதுதான்!

கொடியின் சங்கடம் வேறு. துணி எப்போதும் கம்புக்குப் பின்தங்கியே வரும். அதற்கும் சேர்த்துத் தாளக்கணக்குப் போட வேண்டும். வரிசையில் ஒருவர் அரை எண்ணிக்கை முந்தினாலும் கடைசி இருக்கைவரை தெரிந்துவிடும்.

பேத்தி வெறுங்கையோடு ஆடுவதைக் கண்டால் கவலைப்படாதீர்கள். முதலில் உடம்புக்குப் பாடம், பிறகே கம்பு.