ஜேன் அயரின் தன்னுரிமை

ஆங்கில நாவல்களுள் ஒன்றாகிய 'ஜேன் அயர்' என்பதனைப் பயில்வோர் பலரும், அதன் தலைவியை அஞ்சா நெஞ்சினள் என்றும், தன்னுரிமை வேட்கை மிக்கவள் என்றும் போற்றுவர். அப்போற்றுரை பொருந்துவதே. ஆயினும், அவ்வேட்கை எந்நிலத்தில் முளைத்தது என ஆராய்வார் சிலரே. அன்பின்மையாகிய வறண்ட நிலத்தில் அது முளைத்தது என்பதும், அதனாலேயே மெய்யன்பையும் போலியன்பையும் பிரித்தறியும் கண் அவளுக்கு வாய்த்தது என்பதும் யாம் ஈண்டுக் கூறக் கருதியவை.

இந்நூல் 1847-ஆம் ஆண்டில் 'கரர் பெல்' என்னும் புனைபெயருடன் வெளிவந்தது. இயற்றியவர் யார்க்ஷயரிலுள்ள ஹாவர்த் என்னும் ஊரின் குருவானவர் மகளார் சார்லட் பிராண்டி. ஐந்து வயதில் தாயையும், 1825-இல் தமக்கையர் இருவரையும் இழந்தவர் அவர்.

பெற்றோரை இழந்த ஜேன், தாய்மாமன் மனைவியாகிய திருமதி ரீடு என்பாளின் இல்லத்தில் வளர்கிறாள். தன் பிள்ளைபோல் இவளை வளர்ப்பதாக இறக்குந் தறுவாயிலிருந்த கணவனுக்கு வாக்களித்தவள் அம்மாமி. வாக்கு வாக்காகவே நின்றது. உண்ணும் சோற்றுக்கு உழையாதவளாதலின் பணிப்பெண்ணினும் தாழ்ந்தவள் எனப் பணியாளரே இடித்துரைக்கின்றனர். பத்து வயதுச் சிறுமி, தன்னைப் புத்தகத்தால் எறிந்து காயப்படுத்திய மாமி மகனை எதிர்த்துப் போராட, மாமன் உயிர்நீத்த செவ்வறையில் அடைக்கப்படுகிறாள். பின்னொரு நாள் மாமியின் முகத்துக்கு நேரே, தான் அவளை நேசிக்கவில்லை என்று கூறிவிடுகிறாள். முதலில் வெற்றிக் களிப்பு. சிறிது நேரத்தில் அக்களிப்பே நஞ்சாய்க் கசக்கிறது. இக்கசப்பைப் பலரும் கவனிப்பதில்லை. பகைமை விடுதலையாகாது என்பதைச் சிறுமி அன்றே சுவைத்தறிந்தாள் என்று யாம் கொள்கிறோம்.

அன்பின்மை மட்டுமே அவளை ஆக்கியிருப்பின், அவள் கல்லாய் இறுகியிருப்பாள். லோவுட் பள்ளியில் ஹெலன் பர்ன்ஸ் என்னும் தோழியும், டெம்பிள் என்னும் ஆசிரியையும் அவளுக்குக் கிடைத்தனர். மாந்தர் அன்பையே ஜேன் மிகையாக நாடுகிறாள் என்று ஹெலன் கடிந்துரைக்கும் இடம் அருமையானது. மெய்தான், அவள் பசித்தவள். அப்பசியை மறைத்துக்கொண்டு தனித்து நிற்பதைத் தன்னுரிமையெனக் கருதும் மயக்கம் அவளிடம் இல்லை. எட்டாண்டுகள் அப்பள்ளியில் கழித்தபின், தானே செய்தித்தாளில் விளம்பரஞ் செய்து, ஆண்டுக்கு 30 பவுன் ஊதியத்தில் தார்ன்பீல்டு மாளிகைக்கு ஆசிரியையாகச் செல்கிறாள்.

அங்கே ராச்செஸ்டரின் காதல் கிடைக்கிறது. ஆனால், அவனுக்கு மனைவி உயிரோடிருக்கும் செய்தி மணநாளில் வெளிப்படுகிறது. மணமின்றியே உடன்வாழ அவன் இறைஞ்சுகின்றான். உன்னைப்பற்றிக் கவலையுறுவார் உலகில் யாருளர் என்று அவள் நெஞ்சமே அவளை வினவுகிறது. அன்பற்று வளர்ந்த ஒருத்தியை வீழ்த்த இதனினும் கூரிய வினா வேண்டுமோ? அவளோ, தன்னைப் பேண வேறெவரும் இல்லாமையாலேயே தான் தன்னை மதித்தல் வேண்டும் என்று விடையிறுக்கிறாள். இந்நூலின் உயிர்நிலை இதுவென்போம்.

இரண்டாம் சோதனை வேறு வகையினது. இந்தியாவுக்கு மிஷனெரியாகச் செல்லவிருக்கும் செயின்ட் ஜான் ரிவர்ஸ் அவளை மணக்கக் கேட்கிறான். அன்பினால் அன்று, ஊழியத்திற்கு ஏற்றவள் என்பதனால். மிஷன் கல்லூரியில் பயிலும் யாம் இப்பகுதியைப் படிக்குங்கால் சற்றே தயங்கினோம். ஊழியத்தை அவள் இகழ்ந்தாளோ? இல்லை. தங்கையாக உடன்வர இசைகிறாள். அன்பில்லாத மனைவியாகவே வாரேன் என்கிறாள். அன்பின்மையை மாமி வீட்டிலேயே கண்டறிந்தவளாதலின், அது பக்தியின் ஆடையுடுத்து வந்தபோதும் அவள் அடையாளங் கண்டுகொண்டாள்.

சிறிய தந்தையின் 20,000 பவுன் சொத்து வந்தபோது, அதனை நான்காகப் பகுத்து, உறவினர் மூவர்க்கும் தலைக்கு 5,000 அளிக்கிறாள். தனிமைச் செல்வத்தினும் சுற்றமே அவளுக்கு இனிது. பின்னர்ப் பார்வையிழந்த ராச்செஸ்டரிடம் அவள் தானே திரும்புகிறாள். தீயும் திரவியமும் உற்ற நேரத்தில் வந்துதவுதல் கதைக்கே உரிய வசதி. அக்குறையை யாம் மறுக்கவில்லை.

எனினும் எம் மனத்தில் ஆழப் பதிந்தது இவற்றுக்கெல்லாம் முன்னரே, அவள் தார்ன்பீல்டில் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்த ஒன்றே. மரணப் படுக்கையிலிருந்த மாமி அழைக்க, ஜேன் செல்கிறாள். அவளைத் தத்தெடுக்க விரும்பிச் சிறிய தந்தை எழுதிய கடிதத்தை மூன்றாண்டுகள் மறைத்ததையும், ஜேன் இறந்துவிட்டாள் என்று அவருக்கு மறுமொழி எழுதியதையும் மாமி கூறுகிறாள். தன்னை முத்தமிடுமாறு வேண்டி ஜேன் கன்னத்தை அருகே கொண்டுசெல்ல, மாமி அதனைத் தீண்ட மறுக்கிறாள். நேசித்தாலும் வெறுத்தாலும் நும் விருப்பம், யான் முழுமனத்தோடு மன்னித்தேன் என்கிறாள் ஜேன். சினமும் இல்லை, இரத்தலும் இல்லை. அன்று நள்ளிரவில் மாமி இறந்தாள். மறுநாள் காலை மாமியின் மகள் எலைசாவோடு உடலருகே நின்றபோது, இருவர் கண்ணிலும் ஒரு துளி நீரும் இல்லை.