தளர்நடைக்குத் துணை

நுழையும்முன்

முதுமையில் விழுந்தவர் பலர் அதனை வெளியே சொல்வதில்லை. எவரும் அறியாத அந்த வீழ்ச்சியே அடுத்த வீழ்ச்சிக்கு வழி திறக்கிறது. மணிக்கட்டிலும் இடுப்பிலும் அணியத்தக்க சிறிய உணரிகள் இன்று அந்த மௌனத்தைக் கலைக்க வந்துள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன? எங்கே தவறுகின்றன? அவை எழுப்பும் குரலுக்கு நாம் என்ன விடை தரவேண்டும்? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

இரண்டு தளர்நடைகள்

மனிதரின் நடையைத் தமிழ் இலக்கியம் நுட்பமாக நோக்கியுள்ளது. கண்ணன் குழந்தையாய்த் தளர்ந்து நடந்த அழகினைப் பெரியாழ்வார் ஒரு தனிப் பதிகமாகவே பாடினார். வாழ்வின் மறுமுனையில் மற்றொரு தளர்நடை உண்டு. அதனைப் புறநானூற்றின் 243ஆம் பாடல் காட்டுகிறது. கரையோர மரத்தில் ஏறி, ஆழ்ந்த நீரில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிவந்து காட்டிய இளமை இப்போது எங்கே போயிற்று என்று முதியவர் ஒருவர் இரங்குகிறார். இன்று அவர் கையில் இருப்பது பூண் செறித்த தலையையுடைய ஊன்றுகோல். பேச்சின் இடையிடையே வருவது இருமல். அக்கோலைக் குறிக்க அவர் ஆண்ட தொடரே, இயற்பெயர் அறியப்படாத அப்புலவருக்குத் ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்னும் பெயராக நிலைத்தது.

குழந்தை விழுந்தால் வீடே ஓடிவந்து தூக்குகிறது. அது நடை பயில்கிறது என்று மகிழ்கிறது. முதியவர் விழுந்தாலோ, ‘வயதானால் அப்படித்தான்’ என்னும் ஒற்றைத் தொடரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முதியோர் விழுதலை மூப்பின் இயல்பெனக் கருதும் இந்த எண்ணமே முதலில் மாறவேண்டும். விழுதலுக்குக் காரணங்கள் உண்டு. காரணங்கள் உள்ளவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கவும் இயலும்.

சொல்லப்படாத நோய்

உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததன் விளைவாக உயிரிழக்கின்றனர் என உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருவாய் உடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான வீழ்ச்சிகள் ஆண்டுக்கு 3 கோடியே 73 லட்சம் நிகழ்கின்றன. எதிர்பாராக் காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் வீழ்ச்சிக்கே உரியது.

தசை வலுவிழத்தல், பார்வை மங்கல், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் சட்டெனக் குறைதல், உறக்கத்திற்கும் பிற நோய்களுக்கும் உட்கொள்ளும் மருந்துகள் தரும் மயக்கம், ஈரத்தரை, ஒளி குறைந்த படிக்கட்டு முதலியன வீழ்ச்சிக்குக் காரணங்களாகின்றன. பெரும்பாலும் இவற்றுள் ஒன்று மட்டும் வீழ்த்துவதில்லை. இரண்டு மூன்று காரணங்கள் ஒரே கணத்தில் கூடும்போதே கால் இடறுகிறது.

இடுப்பெலும்பு முறிவு கொடிது. விழுந்தபின் எழ இயலாமல் தரையிலேயே நெடுநேரம் கிடப்பது அதனினும் கொடிதாக முடியலாம். ஒரு மணி நேரத்திற்கு மேல் அவ்வாறு கிடப்பவருக்கு நீரிழப்பு, தசைச் சிதைவு, அழுத்தப் புண் ஆகியன ஏற்படுகின்றன. காயமின்றி எழுந்தவரையும் அச்சம் பற்றிக்கொள்கிறது. அச்சத்தால் நடப்பதைக் குறைக்கிறார். நடை குறையத் தசை மெலிகிறது. தசை மெலிய மீண்டும் விழுகிறார். இவ்வளவு நேர்ந்தும் பலர் தம் பிள்ளைகளிடம் அதனைக் கூறுவதில்லை. ‘இனித் தனியே வெளியே போகாதீர்கள்’ என்று சொல்லிவிடுவார்களோ என்னும் தயக்கமே அவர்கள் வாயை அடைக்கிறது.

சென்னையின் தென்புறம்

இச்சிக்கலைக் கண்முன் காண்பதற்குச் சென்னையின் தென்புறநகர் தக்கதோர் இடமாகும். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத்தொடங்கியது. நகரில் பணிபுரிந்து புறநகரில் வாழும் வாழ்க்கைக்கு அது வழி வகுத்தது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், சிட்லபாக்கம் என ஊர்கள் பெருகின. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. பல்லாண்டுகளுக்குமுன் இங்கே மனை வாங்கி வீடு கட்டியோர் இன்று முதியோர். பிள்ளைகளுள் சிலர் பழைய மாமல்லபுரம் சாலையின் அலுவலகங்களில் இரவு பகலாய்ப் பணியாற்றுகின்றனர். சிலர் கடல் கடந்து சென்றுவிட்டனர். மழைநீர் புகாதிருக்க உயர்த்திக் கட்டிய வாசற்படிகளே அவ்வீட்டு முதியோருக்கு இன்று ஏறற்கரியனவாய் நிற்கின்றன.

இது ஒரு புறநகரின் கதை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ‘இந்தியாவில் முதியோர் 2021’ என்னும் அறிக்கையின்படி, 2021இல் தமிழக மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என அவ்வறிக்கை கணிக்கிறது.

முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு முன்னோடி இடம் உண்டு. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கான பட்டமேற்படிப்பு 1996இல் தொடங்கப்பெற்றது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் அமைந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எனினும் மருத்துவமனைக்கு வரும்போது மட்டுமே மருத்துவர் முதியவரின் நடையைக் காண்கிறார். எஞ்சிய நாள்களில் அந்நடையைக் காண்பவர் யார்? அந்த இடைவெளியை நிரப்பவே அணியத்தக்க உணரிகள் முயல்கின்றன.

கருவி உணரும் முறை

இக்கருவிகளின் உள்ளே இருப்பவை முதன்மையாக இரண்டு. ஒன்று முடுக்கமானி. சிலிக்கானால் ஆகிய நுண்ணிய எடை ஒன்று, வில்போல் வளையும் மெல்லிய தாங்கிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். உடல் அசையும்போது அவ்வெடை இடம்பெயர்வதால் அதனைச் சுற்றியுள்ள தகடுகளின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அம்மாற்றமே அசைவின் அளவாகக் கணிக்கப்படுகிறது. மற்றொன்று கைரோஸ்கோப் எனப்படும் சுழல்மானி. உடல் எப்பக்கம், எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை இது அளக்கிறது. சில கருவிகளில் காற்றழுத்தமானியும் உண்டு. உடல் இருக்கும் உயரம் குறைந்ததை அது அறிவிக்கும்.

ஒருவர் அசையாமல் நிற்கும்போது முடுக்கமானி புவியீர்ப்பின் அளவாகிய 9.8 மீட்டர்/நொடி² என்னும் மதிப்பைக் காட்டும். அவர் விழத்தொடங்கியதும் அம்மதிப்பு சட்டெனக் குறையும். தரையில் மோதியதும் பன்மடங்காக உயரும். அதன்பின் உடல் கிடைநிலையில் அசைவற்றுக் கிடக்கும். குறைவு, உயர்வு, அசைவின்மை என்னும் இம்மூன்றும் அடுத்தடுத்து வருமாயின் ‘வீழ்ச்சி’ எனக் கருவி முடிவு செய்கிறது. அணிந்திருப்பவர் குறித்த நேரத்திற்குள் ‘நலமாக உள்ளேன்’ என்று விடை தராவிட்டால், முன்னரே பதிந்து வைத்த உறவினர் எண்ணுக்குச் செய்தி செல்கிறது. 2018 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரங்களில் இவ்வசதி இடம்பெற்றது. பின்னர்ப் பிற நிறுவனங்களும் இதனை வழங்கலாயின.

விழுமுன் அறிதல்

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையை அடைய அரை நொடிகூட ஆவதில்லை. இச்சிறு பொழுதிற்குள் இடுப்புப் பட்டையில் உள்ள காற்றுப்பையை விரித்து எலும்பைக் காக்கும் கருவிகளும் உலகில் உள்ளன. ஆயினும் உணரியின் பெரும்பயன் அந்த அரை நொடியில் இல்லை. வீழ்ச்சிக்கு முந்தைய வாரங்களில் இருக்கிறது.

நடை ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் வேகம் குறைகிறது. அடிக்கும் அடிக்கும் இடைப்பட்ட கால அளவு ஒழுங்கு மாறுகிறது. திரும்பும்போது கூடுதல் அடிகள் தேவைப்படுகின்றன. நாற்காலியிலிருந்து எழ நேரமாகிறது. இரவில் எழுந்து நடப்பது மிகுகிறது. நாள்தோறும் உடன் வாழ்பவர் கண்ணுக்கு இச்சிறு மாற்றங்கள் புலப்படா. உணரியோ ஒருவரின் இன்றைய நடையை அவரது சென்ற மாத நடையோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும்.

இதற்கு ஒப்பான எளிய சோதனையொன்றை மருத்துவர்கள் கருவியின்றியே செய்கின்றனர். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் அமரவேண்டும். இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆகுமாயின் அவர் விழும் வாய்ப்பு மிகுதி எனக் கொள்கின்றனர்.

கருவியின் எல்லைகள்

உணரி பிழை செய்யாத ஒன்றன்று. சுவரைப் பற்றியபடி மெல்லச் சரிந்து அமர்வதை அது வீழ்ச்சியென அறியாமல் விடக்கூடும். சோபாவில் தொப்பென்று அமர்வதை வீழ்ச்சியெனப் பிழையாகக் கொள்ளவும் கூடும். வழுக்கும் குளியலறையில்தான் கருவி மிகவும் தேவை. அங்கேதான் பலர் அதனைக் கழற்றி வைக்கின்றனர். மின்னேற்ற மறந்த நாளில் அது வெறும் வளையல்.

மற்றொரு குறை ஆழமானது. இக்கருவிகளுக்கு வீழ்ச்சியைக் கற்பிக்கப் பயன்பட்ட தரவுகளுள் பெரும்பகுதி, இளையோர் ஆய்வுக்கூட மெத்தைகளில் வேண்டுமென்றே விழுந்து காட்டியவை. எண்பது வயதினரின் உண்மையான வீழ்ச்சி அத்தகையதன்று. மேலும், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதல், குனிந்து கோலமிடுதல், நெடுஞ்சாண்கிடையாக வணங்குதல் ஆகிய நம் அசைவுகளை அறியாத கருவி, அவற்றையும் வீழ்ச்சியென எண்ணி அலறக்கூடும். நம் வீடுகளுக்கு ஏற்ற கருவியை நம் வாழ்வறிந்தோரே உருவாக்குதல் வேண்டும்.

அத்தகைய முன்முயற்சிக்கு இம்மண்ணில் மரபு உண்டு. குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. என்னும் மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பயின்றவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். ஏவுகணைக்கென உருவாக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு, ஐதராபாத் மருத்துவமனையில் 3 கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் காலணைகளைச் சுமந்த குழந்தைகளுக்கு 300 கிராம் எடையில் காலணை செய்து தந்தார் அவர். ஏவுகணையின் பாதையை அளக்கும் முடுக்கமானியும் சுழல்மானியும்தாம் இன்று சிறுத்து முதியோர் மணிக்கட்டிற்கு வந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையமும் மனித அசைவை ஆராய்ந்து, அமர்ந்திருப்பவரை நிற்கவைக்கும் ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலியை 2019இல் வழங்கியது.

அணிபவரின் விருப்பம்

ஒருவர் எப்போது எழுந்தார், எத்தனை முறை கழிப்பறை சென்றார், எங்கே நடந்தார் என்பனவெல்லாம் உணரி அறியும் செய்திகள். அவை அவருக்கே உரியவை. அவற்றை யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. அவர் இசைவின்றிக் கையில் கட்டிவிடும் கருவி, காவலாகத் தோன்றாமல் கண்காணிப்பாகத் தோன்றும், மேசையறைக்குள் போய்விடும். ‘நீங்கள் விருப்பம்போல் வெளியே சென்று வருவதற்கே இது’ என்று எடுத்துரைத்து, அவர் ஒப்பியபின் அணிவிப்பதே முறை.

கருவி குரல் எழுப்பியபின் நிகழவேண்டியவை மனிதர் செயல்கள். நடை தளர்கிறது என்று அது சொன்னால், கண் பரிசோதனை வேண்டும். மருந்துகளை மருத்துவர் மீள்பார்வை இடவேண்டும். தசைக்கும் சமநிலைக்கும் உரிய பயிற்சியை இயன்முறை மருத்துவர் கற்பிக்கவேண்டும். 2021இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை இல்லத்திற்கே வருகிறது. குளியலறையில் கைப்பிடியும், படிக்கட்டில் விளக்கும், வழுக்காத தரையும் அமைய வேண்டும். கடல் கடந்திருக்கும் மகளின் கைப்பேசி ஒலிக்கும்போது, கதவைத் தட்டிப் பார்க்க அடுத்த வீட்டார் ஒருவர் இருக்கவேண்டும். அவரிடம் மாற்றுச் சாவியும் இருக்கவேண்டும். அந்த அடுத்த வீட்டாராக நாம் இருக்க எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

தெரிந்து தெளிவோம்

* ‘விழுத்தண்டு’ என்பதில் உள்ள ‘விழு’ விழுதலைக் குறிக்காது. சிறப்பு, பெருமை என்னும் பொருள் தரும் அடைமொழியாகும்.
* முதியோருக்கான தேசிய உதவி எண்: 14567. அவசர ஊர்தி எண்: 108.
* தாம்பரம் சானடோரியம் என்னும் ஊர்ப்பெயர், 1928இல் அங்கே தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவமனையால் அமைந்தது.

கலைச்சொல் அறிவோம்

உணரி – சென்சார்
முடுக்கமானி – ஆக்சலரோமீட்டர்
சுழல்மானி – கைரோஸ்கோப்
இயன்முறை மருத்துவம் – பிசியோதெரபி
முதியோர் மருத்துவம் – ஜெரியாட்ரிக்ஸ்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரின் இசைவுடன், அவர் நாள்தோறும் நடக்கும் வழியில் இடறத்தக்க இடங்களைக் கண்டு பட்டியலிடுக. அவற்றுள் செலவின்றிச் சரிசெய்யத்தக்க ஒன்றை இவ்வாரத்திற்குள் சரிசெய்க.
2. ‘முதியோர் அணியும் கருவி காவலா? கண்காணிப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. முதியவர் ஒருவர் தாம் விழுந்ததை மறைப்பதற்குரிய காரணங்களை எண்ணி, அவரிடம் நீங்கள் எவ்வாறு பேசுவீர்கள் என்பதை உரையாடலாக எழுதுக.