சியாமள நிறத்துக்கு ஒரு முகூர்த்தப் புடவை

சௌபாக்கியவதி குழந்தைக்கு அத்தை அநேக ஆசீர்வாதம். உன் அப்பாவின் முழங்கால் வலி தணிந்ததா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

முகூர்த்தப் புடவை விஷயமாக நீ அனுப்பியிருந்த இரண்டு படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். வெளிர் ரோஜாவில் வெள்ளிச் சரிகை இழைத்தது ஒன்று. அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சளில் கரை கோர்த்தது மற்றொன்று. எதை எடுப்பது என்பது முழுக்க உன் இஷ்டம். அதில் தலையிட எனக்கு உத்தேசம் இல்லை. ஆனால், “நான் கறுப்பு, எனக்கு அரக்கு எடுபடாது என்கிறார்கள், கல்யாணத்துக்குள் நிறம் வர ஒரு களிம்பும் பூசிக்கொண்டிருக்கிறேன்” என்று படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்த வரிகளைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்தப் பேச்சு நம் வீட்டுக்குப் புதிதல்ல. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து உன் கொள்ளுப்பாட்டி தீர்ப்புச் சொன்ன அந்தத் தீபாவளியை உன் அப்பாவும் மறந்திருக்க மாட்டான். சிவப்பாயிருந்த சின்ன அத்தைக்கு அரக்கும், எனக்குச் சந்தன நிறமும் என்று பங்கு பிரித்தார்கள். “கறுத்த பெண்ணுக்கு வெளிர்தான் லட்சணம்” என்பது அன்றைய சாஸ்திரம். அந்தச் சந்தனப் பட்டைக் கட்டிக்கொண்டு எடுத்த படம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதில் புடவை தெரிகிறது, என் முகம் தெரியவில்லை. அந்தக் காலத்து மனிதர்களிடம் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிக்கொள்ள எவ்வளவோ முயன்றும், அந்தச் சாஸ்திரம் உன் கல்யாணம் வரைக்கும் உயிரோடு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் அடங்க மறுக்கிறது.

ஏனென்றால் அது சாஸ்திரமே அல்ல. பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஷெவ்ரோல் என்னும் ரசாயன அறிஞர், அங்கே நெய்யும் கறுப்பு நூல் சோபை இழந்து தெரிகிறது என்ற புகாரை ஆராயப் புகுந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்த வர்ணங்களில்தான் இருக்கிறது என்று கண்டு, 1839-இல் அதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். அருகருகே வைத்த இரண்டு நிறங்கள் தம்மிடையே உள்ள வேற்றுமையை மிகைப்படுத்திக் காட்டும் என்பது அவர் கண்ட விதி. வெளிறிய துணியை ஆழ்ந்த மேனிக்குப் பக்கத்தில் வைத்தால் மேனி இன்னும் கறுத்துத் தோன்றுவதே அந்த விதிப்படி இயல்பு; மறைக்க வேண்டும் என்று எதை எண்ணுகிறார்களோ அதையே அந்த வெளிர் ரோஜா பறைசாற்றும். அரக்கோ தானும் ஆழமாக இருப்பதால் உன் மேனியோடு சண்டைக்கு நிற்காது.

நம்மூர்க் கோயிலில் நீயே பார்த்திருக்கிறாய். அபிஷேகம் முடிந்து எண்ணெய்க் கறுப்போடு நிற்கும் கருங்கல் அம்பாளுக்குக் குருக்கள் வெளிர் நிறத்தையா தேடி எடுக்கிறார்? அரக்கும் கிளிப்பச்சையும் எலுமிச்சை மஞ்சளுமாகச் சாத்தித் திரையை விலக்கிக் கற்பூரத்தைக் காட்டும்போது, கன்னத்தின் வளைவும் மூக்கின் நுனியும் எப்படித் துலங்குகின்றன! நீலமேக சியாமளனுக்கு மஞ்சள் பட்டைப் பீதாம்பரமாக உடுத்திய முன்னோர்களுக்கு வர்ணங்களின் மர்மம் தெரிந்திருந்தது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக ஓட்டி மயில்கழுத்து நெய்த காஞ்சிபுரத்து நெசவாளருக்கும் தெரிந்திருந்தது. 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி பழைய அகலக் கரைகளையும் அழுத்தமான நிறங்களையும் மறுபடி தறிக்குக் கொண்டுவந்தாரே, அந்த நிறங்களெல்லாம் நம்மைப் போன்ற மேனிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பிறந்தவை என்றே நான் நம்புகிறேன்.

கடையில் காட்டினார்கள் என்றாயே, எவருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று சொல்ல ஆட்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் அட்டை, அந்த முறையை 1980-இல் கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்க மாது எழுதிய புத்தகம்தான் உலகெங்கும் பரப்பியது. பொன்மயிர், செம்மயிர், நீலக்கண், பச்சைக்கண் என்று பேதங்கள் மலிந்த ஜனங்களைப் பார்த்து வகுத்தது அது. நமக்குக் கூந்தலும் கண்ணும் பெரும்பாலும் கருமையே. ஒருவருக்கு ஒருவர் வேறுபடுவது மேனியின் அடியில் ஓடும் சாயை. உனக்கு ஓடுவது பொன் சாயை. உன் அம்மாவுக்கு ஓடுவது செம்மை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே பரீட்சித்துப் பார். பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே விழாத சன்னலோரம், பவுடரும் மையும் இல்லாமல், தலைமயிரை இறுக முடிந்துகொண்டு நில். ஒவ்வொரு துணியாக மோவாய்க்குக் கீழே பிடி. துணியைப் பாராதே, கண்ணுக்குக் கீழே உள்ள நிழலையும் உதட்டோரத்தையும் பார். ஒவ்வாத நிறம் அந்த நிழலைக் கூட்டிச் சாம்பல் பூத்தாற்போல் காட்டும். ஒத்த நிறத்தில் உன் கண்கள்தாம் முதலில் தெரியும். கடை விளக்கை நம்பாமல் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பிரிக்கச் சொல். இன்னொன்று: முகத்துக்கு மிக அருகே வருவது ரவிக்கை. ரோஜாப் புடவையையே நீ எடுத்தாலும் ரவிக்கையாவது அரக்கில் இருக்கட்டும்.

அந்தக் களிம்பை மட்டும் இன்றே நிறுத்திவிடு. வெளுக்க வைக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோல் வழியே இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கேரளத்தில் மலப்புரம் பக்கத்தில் இத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் கண்டதை 2023-இல் வைத்தியர்கள் வெளிப்படுத்தினார்கள். வேறு சிலவற்றில் ஸ்டிராய்டு. நாளடைவில் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும். டப்பாவின் மேலே எழுதியிருப்பதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு; தோல் வைத்தியரிடம் நானே உன்னை அழைத்துப் போகிறேன். இதில் மாத்திரம் உன் இஷ்டம் என்று நான் சொல்லப் போவதில்லை.

மற்றபடி அத்தை அரக்கைத் திணிக்கிறாள் என்று எண்ணிக்கொள்ளாதே, கண்ணே. வேறு யாருக்கும் போய்விடக் கூடாதே என்று அதற்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன்; அவ்வளவுதான். ரோஜாதான் உன் மனத்துக்கு இசைந்தது என்றால் அதையும் என் சீராகவே வாங்கித் தருகிறேன், வரவேற்புக்குக் கட்டிக்கொள். எதைக் கட்டினாலும், எதையும் கட்டாமல் பழைய பாவாடை தாவணியில் வந்து நின்றாலும், என் கண்ணுக்கு உன்னைவிட அழகி இந்த வம்சத்தில் பிறக்கவில்லை. ரவிக்கை அளவை இந்த வாரத்துக்குள் அனுப்பு. முகூர்த்த நாள் நெருங்குவதால் தையற்காரர் அவசரப்படுத்துகிறார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தை